மூன்று மொழிகளில் ஒரு குரல்: உத்பல் தத்தின் நடிப்பும் மொழித் தெரிவும்

1. முன்னுரை

நடிகர் ஒருவரின் வாழ்வை எழுதுவோர் பெரும்பாலும் அவர் ஏற்ற பாத்திரங்களையும் பெற்ற விருதுகளையும் வரிசைப்படுத்திக் காட்டுவர். அவர் எந்த மொழியில் பேசினார், அம்மொழியின் எந்த வழக்கைத் தெரிந்துகொண்டார், அவ்வழக்கைக் கேட்டவர் யாவர் என்னும் வினாக்கள் அத்தகைய வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. நடிகரின் கருவி உடலும் குரலும் என்பர். குரலோ மொழியின்றி மேடையில் நெடுநேரம் நிற்க இயலாது. ஆகவே நடிகரின் வரலாறு ஒரு வகையில் மொழித் தெரிவின் வரலாறும் ஆகும்.

வங்காள மேடையிலும் வங்காள, இந்தித் திரையிலும் புகழ்பெற்ற உத்பல் தத் (1929–1993) இக்கருத்தை ஆராய்வதற்குப் பொருத்தமான சான்றாவார். அவர் ஆங்கிலத்தில் நடிக்கத் தொடங்கி, வங்காளத்திற்கு மாறி, இந்தித் திரையில் நாடறிந்த முகமானவர். அவரைப் பற்றி இரு மதிப்பீடுகள் வழக்கில் உள்ளன. ஆங்கில நாடகக் காலம் அவருடைய இளமைப் பயிற்சி மட்டுமே என்பது ஒன்று. இந்திப் படங்கள் நாடகக் குழுவைக் காப்பதற்குப் பொருளீட்டிய வழி மட்டுமே என்பது மற்றொன்று. இரண்டாவது கூற்றில் உண்மை உண்டு. திரைப்பட வருவாய் நாடகத்திற்குப் பயன்பட்டதை அவர் மறைத்ததில்லை. எனினும் இவ்விரு மதிப்பீடுகளும் அவருடைய பணியை மூன்று துண்டுகளாக்கிவிடுகின்றன. மொழியின் சமூக ஒலியை மேடையேற்றுதல் என்னும் ஒரே முயற்சியே அவருடைய மூன்று மொழிப் பணிகளிலும் இயங்குகிறது என்பதையும், அதன் நிறைகுறைகள் மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவன எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. ஆங்கில மேடை

உத்பல் தத் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். 1947இல் ஜெஃப்ரி கெண்டல் நடத்திவந்த ‘ஷேக்ஸ்பியரானா’ என்னும் சுற்றுலா நாடகக் குழு அவரை ஈர்த்துக்கொண்டது. 1947–49, 1953–54 ஆகிய இரு காலப் பகுதிகளில் அவர் அக்குழுவுடன் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பயணம் செய்து நடித்தார். ஒதெல்லோவாக அவர் நடித்தது பெரிதும் பாராட்டப்பெற்றது. இக்குழுவின் வாழ்வைத் தழுவி 1965இல் வெளிவந்த ‘ஷேக்ஸ்பியர் வாலா’ என்னும் திரைப்படத்தில் அவர் மகாராஜாவாகத் தோன்றியதும் நினைவுகூரத்தக்கது.

அக்காலத்திலேயே அவர் தமக்கெனத் தொடங்கிய குழு 1949இல் ‘லிட்டில் தியேட்டர் குரூப்’ என்னும் பெயரைப் பெற்றது. ஷேக்ஸ்பியர், இப்சன், பெர்னாட் ஷா முதலியோரின் நாடகங்களை அது முதலில் ஆங்கிலத்திலேயே நடித்தது. விடுதலைக்குப் பிந்தைய கல்கத்தா பிரிவினையால் இடம்பெயர்ந்தோரும் போராடும் தொழிலாளரும் நிறைந்த நகரம். அந்நகரில் ஆங்கில நாடகம் கண்டோர் தொகை மிகச் சிறியது. அரசியல் உணர்வு மிக்க இளைஞர் ஒருவர்க்கு இம்முரண் நெடுங்காலம் தாங்கக்கூடியது அன்று. 1950களின் தொடக்கத்தில் அக்குழு வங்காள நாடகங்களுக்கு மாறியது.

இம்மாற்றத்தை அரசியல் முடிவு என்று மட்டும் கூறி அமைவது போதாது. ஆங்கில மேடையில் ஷேக்ஸ்பியரைப் பயின்றபோது அவர் கற்றது செய்யுளைப் பேச்சாக்கும் கலையை. அடியின் ஒழுங்கைக் கெடுக்காமல், அது மனத்தில் அப்பொழுதே தோன்றிய சொல் போல ஒலிக்கச் செய்தல் எளிதன்று. இக்கலையை வேற்றுமொழி ஒன்றிலிருந்து தாய்மொழிக்குக் கொண்டுவர முடியுமா என்பதே 1950களில் அவர் எதிர்கொண்ட சிக்கல். அது மொழியியற் சிக்கலும் ஆகும்.

இவ்விடத்தில் ஓர் இணைவைக் காட்டலாம். 1950இல் வெளிவந்த ‘மைக்கேல் மதுசூதன்’ என்னும் வங்காளத் திரைப்படத்தில் மதுசூதன் தத்தராக நடித்தவர் உத்பல் தத்தே. அக்கவிஞர் 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்தவர். தம் ஆங்கிலக் காவியத்தை 1849இல் சென்னையிலேயே வெளியிட்டவர். அதைப் படித்த பெத்யூன் துரை, தாய்மொழியில் எழுதுமாறு அறிவுறுத்தினார். பின்னர் மதுசூதனர் ‘மேகநாதவத காவியம்’ (1861) இயற்றி வங்காளக் கவிதையின் போக்கையே மாற்றினார். ஆங்கிலத்தில் தொடங்கி வங்காளத்தில் தம்மைக் கண்டடைந்த கவிஞரின் வேடத்தை, அதே வழியில் செல்லவிருந்த இளம் நடிகர் ஏற்றார்.

3. வங்காள மாக்பெத்

ஆங்கிலச் செய்யுளடி, அழுத்தமுள்ள அசையும் அழுத்தமற்ற அசையும் மாறிமாறி வரும் ஒழுங்கால் அமைவது. வங்காளத்தில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. அது பொதுவாகச் சொல்லின் அல்லது தொடரின் முதலசையில் விழுகிறது. மரபான ‘பயார்’ யாப்பு பதினான்கு அலகுகளை எட்டும் ஆறுமாகப் பகுத்து, அடியிறுதியில் இயைபு பெற்று நிற்கும். மதுசூதனர் இயைபை நீக்கி, நிறுத்தத்தை அடியின் நடுவிற்கும் நகர்த்தினார். பின்வந்த நாடக ஆசிரியரும் நடிகருமாகிய கிரீஷ் சந்திர கோஷ் அடிகளை நீளமும் குறுக்கமுமாக உடைத்து மேடைக்குரிய யாப்பொன்றை ஆக்கினார். அவருக்கு அளவுகோலாக இருந்தது நடிகரின் மூச்சு.

கிரீஷ் சந்திரர் பெயர்த்த ‘மாக்பெத்’ 1893இல் கல்கத்தாவில் மினர்வா அரங்கின் தொடக்க நாடகமாக மேடையேறியது. கற்றோர் போற்றினர், பொதுமக்கள் திரளாக வரவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் உத்பல் தத்தின் குழு, ஜதீந்திரநாத் சென்குப்தாவின் பெயர்ப்பைக் கொண்டு ‘மாக்பெத்’தை வங்காளத்தில் நடித்தது. நகர அரங்கில் நடித்ததோடு அமையாமல் சிற்றூர்களுக்கும் அதைக் கொண்டுசென்றது.

இரண்டாம் முயற்சி வேறுவகையில் அமைந்ததற்குக் காரணம் பெயர்ப்பின் தரம் மட்டும் அன்று. மக்களிடையே வழங்கிய ‘ஜாத்ரா’ நாடக மரபை உத்பல் தத் கூர்ந்து நோக்கியவர். ஜாத்ராவில் உயர்ந்த குரலும் நீண்ட உரையும் வெளிப்படையான உணர்ச்சியும் குறைகள் ஆகா. மன்னரும் கொலையும் சூனியக்காரிகளும் நிறைந்த நாடகம் சிற்றூர் மக்களுக்குப் புதிதன்று. புராண நாடகங்களில் அவர்கள் கண்டு பழகிய உலகமே அது. நகரக் கற்றோர் தடை என எண்ணிய செய்யுள் நடை, ஜாத்ரா கேட்டுப் பழகிய செவிக்குத் தடையாகவில்லை. மூலமொழியின் கடினத்தை எளிய உரைநடையாக்கித் தருவதே மக்களுக்கு நெருங்கும் வழி என்னும் பொதுக் கருத்தை இது மறுக்கிறது. பெறுமொழியில் அந்நடைக்கு ஒத்த ஒரு வாய்மொழி மரபு இருப்பின், பெயர்ப்பு அம்மரபைச் சென்று தொடுதல் வேண்டும்.

தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ எனவும் ‘மாக்பெத்’தை ‘மகபதி’ எனவும் மாற்றி எழுதியது இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. தமிழ் முயற்சி பெயரையும் களத்தையும் தமிழ் மயமாக்கியது. வங்காள முயற்சி பெயரையும் களத்தையும் அவ்வாறே விட்டு, சொல்லும் முறையை மட்டும் மண்ணுக்குரியதாக்கியது. இவற்றுள் ஒன்றே சரி என முடிவு கூறுதல் இயலாது. பார்வையாளருக்கு அயன்மை எங்கே உறுத்துகிறது, பெயரிலா ஒலியிலா என்பதைப் பொறுத்தே தெரிவு அமைகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975இல், உத்பல் தத் ‘மாக்பெத்’தை மீண்டும் மேடையேற்றினார். அப்போது அந்நாடகத்திற்குக் கூடுதல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆட்சியைக் குறித்து நேரே பேச இயலாத காலத்தில் பழைய பெயர்ப்பு ஒன்று புதிய பொருள் பெற்றது. பெயர்ப்பின் பொருள் அது எழுதப்பெற்ற நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

4. மினர்வாவில் கூட்டத்தின் குரல்

1959இல் லிட்டில் தியேட்டர் குரூப் மினர்வா அரங்கைக் குத்தகைக்கு எடுத்தது. அவ்வாண்டின் இறுதியில் மேடையேறிய ‘அங்கார்’ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. சுரங்கத்தில் நீர் புகுந்து தொழிலாளர் மூழ்கும் காட்சியில் தாபஸ் சென்னின் ஒளியமைப்பும் ரவிசங்கரின் இசையும் பெரும் பெயர் பெற்றன. இந்நாடகத்தில் மையத்தில் நிற்பது தனி மனிதன் அன்று. நிலத்தடியில் சிக்கிய ஒரு குழு. ஷேக்ஸ்பியரின் தனிமொழியில் வளர்ந்த நடிகர், கூட்டத்தின் குரலுக்கு நாடகம் எழுதத் தொடங்கினார் எனலாம்.

1965இல் வந்த ‘கல்லோல்’ 1946ஆம் ஆண்டுக் கடற்படைக் கிளர்ச்சியைக் கூறுவது. தமிழில் ‘கல்லோலம்’ எனப் பேரலையைக் குறிக்கும் சொல்லே இது. கிளர்ச்சி செய்த மாலுமிகள் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்தோர். கப்பலில் ஒலித்தது ஒரு மொழி அன்று. மேடையிலோ ஷார்துல் சிங் போன்ற மாலுமியும் வங்காளத்திலேயே பேசுகிறான். இது ஒரு மேடை உடன்பாடு. பார்வையாளர் அதைத் தடையின்றி ஏற்றனர். ஆனால் பன்மொழிக் கூட்டத்தின் ஒற்றுமையைப் பேசும் நாடகம், அக்கூட்டத்தின் பன்மொழித் தன்மையைக் கைவிட்டே அதைப் பேச முடிந்தது என்பதை மொழியியலார் கருதாமல் இருக்க இயலாது. ஷார்துல் சிங்கின் பேச்சில் பல இடங்களில் கேட்பது ஆசிரியரின் குரலே. உத்பல் தத்தின் அரசியல் நாடகங்களைக் குறித்த திறனாய்வுகளில் பாத்திரங்கள் முழக்கங்களாகிவிடுகின்றன என்னும் குறை அடிக்கடி கூறப்படுகிறது. அக்குறையின் வேரை அரசியலில் மட்டும் தேடாமல் மொழியிலும் தேடல் வேண்டும். எல்லாரும் ஒரே வழக்கில் பேசும்போது எல்லாரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர்.

‘கல்லோல்’ அரசின் சினத்திற்கு ஆளாயிற்று. நாளேடுகள் விளம்பரத்தை மறுத்தன. 1965இல் உத்பல் தத் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார், 1966இல் விடுதலையானார். அக்காலத்தில் சுவரொட்டிகளில் பரவிய தொடர் வங்காளிகள் பலரும் இன்றும் நினைவில் கொண்டிருப்பது: ‘கல்லோல் சல்ச்சே சல்பே’. ‘சல்’ என்னும் வினையின் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் அடுத்தடுத்து வைத்ததே இத்தொடரின் ஆற்றல். வங்காளத்தில் நாடகம் நடைபெறுவதற்கும் போராட்டம் நடைபெறுவதற்கும் அவ்வொரு வினையே வழங்கும். தமிழில் நாடகம் ‘ஓடும்’, போராட்டம் ‘தொடரும்’. ‘ஓடுகிறது, ஓடும்’ என்றால் வசூல் செய்தியாகிவிடும். ‘தொடர்கிறது, தொடரும்’ என்றால் அரங்கு மறைந்துவிடும். ‘நடக்கிறது, நடக்கும்’ என்பதே ஓரளவு இரண்டையும் தாங்கும். இரு சொற்களால் ஆகிய ஒரு சுவரொட்டி மொழிபெயர்ப்பாளரிடம் இத்தனை சிந்தனையை வேண்டுகிறது.

5. தகர வாள்

கூட்டத்தின் குரல் ஒரே குரலாகிவிடும் குறையை உத்பல் தத் தாமே கடந்த நாடகம் ‘டினேர் தலோயார்’. 1971இல், வங்காளப் பொது அரங்கின் நூற்றாண்டை ஒட்டி, அவருடைய புதிய குழுவாகிய ‘பீப்பிள்ஸ் லிட்டில் தியேட்டர்’ இதனை மேடையேற்றியது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை ஆங்கில அரசு கொண்டுவந்த காலமே இதன் களம். தலைப்பிற்குத் ‘தகர வாள்’ என்பது நேர்ப்பொருள். தமிழ் நாடக மரபில் வாழும் ‘அட்டைக் கத்தி’ என்னும் சொல் அதன் ஏளனத்தையும் உடன் கொண்டுவரும். எனினும் மின்னும் தகரத்தின் ஓசை அட்டையில் இல்லை. இந்நாடகத்தைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் தலைப்பிலேயே தயங்கி நிற்பர்.

நாடகத்தின் தொடக்கத்தில் குழுத் தலைவர் பேணிமாதவ், சாக்கடை அள்ளும் தொழிலாளி ஒருவனைச் சந்திக்கிறார். பாபுமார்களின் நாடகம் அவனுக்கு உரியதன்று. அதில் அவனைப் போன்றோர் இல்லை. அதன் மொழியும் அவனுடையது அன்று. வங்காள மேடை தன் பார்வையாளர் எல்லையைத் தானே சுட்டிக்காட்டும் காட்சி இது. 1950களில் ஆங்கிலத்தைக் கைவிட்டு வங்காளத்திற்கு வந்தவர், வங்காளத்திற்குள்ளேயே இன்னோர் ஆங்கிலம் இருப்பதை இங்குக் காண்கிறார். வங்காளத்தில் ‘சாது’ வழக்கும் ‘சலித’ வழக்கும் நெடுங்காலம் இரட்டை வழக்காக நிலவின. அவற்றிற்கும் அப்பால், எழுத்தை எட்டாத தெருவழக்கு ஒன்று உண்டு. தமிழர்க்கு இந்நிலை விளக்கம் வேண்டாதது.

தெருவில் காய்கறி விற்றுப் பாடித் திரியும் மைனா என்னும் பெண்ணைப் பேணிமாதவ் நடிகையாக்குகிறார். நாடகமொழிக்கு ஏற்ப அவளுடைய நாக்கு திருத்தப்படுகிறது. பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ இங்கு நினைவிற்கு வருவது இயல்பே. ஆனால் வேறுபாடு பெரிது. ஷாவின் நாடகத்தில் ஒலிப்பு மாற்றம் வகுப்பு ஏற்றத்தின் ஏணி. இங்கோ திருத்திய ஒலிப்பு மைனாவை விலைமதிப்புள்ள பொருளாக்குகிறது. அரங்கின் உரிமையாளர் அவளை விரும்புகிறார். சொந்த அரங்கு கிடைக்கும் என்னும் ஆசையில் பேணிமாதவ் இணங்குகிறார். பேசக் கற்றுத்தந்த கையே விற்கவும் செய்கிறது. அவள் பெயர் பேசப் பழகும் பறவையின் பெயர் என்பதையும் கருதல் வேண்டும். செம்மை வழக்கைக் கற்பிப்பது எப்போதும் விடுதலை அளிப்பதன்று என்னும் இக்கூற்று, மொழிக் கல்வியில் ஈடுபட்டோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பேணிமாதவாக நடித்தவர் உத்பல் தத். தன்னலமும் கலைப் பித்தும் அச்சமும் கலந்த அம்மனிதர் இறுதியில், ஆங்கில அதிகாரி பார்த்திருக்க, அனுமதிக்கப்பட்ட நாடகத்தின் நடுவே தடைக்கு அஞ்சி ஒதுக்கிவைத்த தீத்துமீரின் உரைக்குத் தாவிவிடுகிறார். இத்தாவல் ஒரு நாடகத்திலிருந்து மற்றொன்றுக்கு மட்டும் நிகழ்வதன்று; வேடிக்கை வழக்கிலிருந்து வீர வழக்கிற்கும் நிகழ்வது. முன்னைய நாடகங்களில் முழக்கமாக ஒலித்தது இங்கு ஒரு மனிதனின் நெடுந்தயக்கத்திற்குப் பின் எழும் சொல்லாக ஒலிக்கிறது. மற்றப் பாத்திரங்கள் தத்தம் வழக்கில் பேசியதால்தான் இவ்வுரைக்கு எடை கிடைத்தது. அவருடைய நாடகங்களுள் இதுவே தலைசிறந்தது என்னும் பரவலான மதிப்பீட்டிற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

6. இந்தித் திரையில் ஒலிப்பின் பயன்

1969ஆம் ஆண்டு இந்தித் திரையில் அவருக்கு இரு குறிப்பிடத்தக்க படங்களைத் தந்தது. மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ படத்தில் கண்டிப்பான ரயில்வே அதிகாரியாக நடித்தமைக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். குஜராத்தின் சிற்றூர்ப் பெண் கௌரியின் முன் அவ்வதிகாரியின் விறைப்பு நெகிழ்கிறது. பாத்திரம் வங்காளி, நடிகரும் வங்காளி. எனவே இந்தியில் கேட்கும் வங்காளச் சாயல் இங்கு இயல்பானது. அது ஊரும் மொழியும் அயலான ஒருவரின் தனிமையை உணர்த்தும் கருவியாகவும் அமைகிறது.

கே. ஏ. அப்பாஸின் ‘சாத் ஹிந்துஸ்தானி’ இதற்கு நேர்மாறான சோதனை. கோவா விடுதலைக்குப் போராடும் ஏழு இந்தியரைப் பற்றிய இப்படத்தில், நடிகர் ஒவ்வொருவருக்கும் அவருடைய பகுதியல்லாத வேறொரு பகுதியைச் சேர்ந்த பாத்திரத்தை இயக்குநர் வேண்டுமென்றே அளித்தார். மலையாள நடிகர் மது வங்காளியானார். உத்பல் தத் பஞ்சாபியானார். ஒலிப்பு பிறப்புரிமை அன்று, கற்றுக்கொள்ளத்தக்கது என்னும் எண்ணம் இத்தெரிவில் உள்ளது. ‘கல்லோ’லில் பஞ்சாபி மாலுமி வங்காளம் பேசினான், இங்கு வங்காள நடிகர் பஞ்சாபியாகி இந்தி பேசினார். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், பல மொழி பேசும் நாட்டை ஒரு மொழியில் காட்டுவது எவ்வாறு என்னும் ஒரே வினாவிற்கு இரு விடைகள் கிடைக்கின்றன.

வங்காளிகள் பேசும் இந்தியின் இயல்புகள் நன்கறியப்பட்டவை. அகரம் ஒகரத்தை நோக்கிச் சாயும், உயிர்களின் நெடில் குறில் வேறுபாடு மங்கும், வகரம் இதழ்வெடிப்பொலியாகும், வங்காளத்தில் இலக்கணப் பால் இன்மையால் வினைமுடிபில் பால் தடுமாறும். இந்தித் திரை இவற்றை நெடுங்காலமாக நகைச்சுவைக்குப் பயன்படுத்தி வந்துள்ளது. உத்பல் தத்தின் நகைச்சுவைப் பாத்திரங்கள் இம்மலிவான வழியைப் பெரும்பாலும் சார்ந்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஹிரிஷிகேஷ் முகர்ஜியின் ‘கோல்மால்’ (1979) படத்தில் பவானி சங்கராக அவர் எழுப்பும் சிரிப்பு, உயிரொலியை நீட்டுவதிலும் திடீரென நிறுத்துவதிலும் வியப்பிலிருந்து சினத்திற்கு ஒரே மூச்சில் ஏறுவதிலும் பிறப்பது. அது மேடைப் பயிற்சியின் பயன்.

அப்படத்தின் கதையும் மொழி வழக்கையே அச்சாகக் கொண்டது. மீசையும் பழைமையும் போற்றும் முதலாளியை மகிழ்விக்க இளைஞன் தூய இந்தி பேசுகிறான். மீசையற்ற ‘தம்பி’யாக வரும்போது அக்கால நகர இளைஞர் வழக்கிற்கு மாறுகிறான். 1981இல் கே. பாலசந்தர் இதனைத் ‘தில்லு முல்லு’ எனத் தமிழில் எடுத்தபோது முதலாளி வேடம் தேங்காய் சீனிவாசனுக்குக் கிடைத்தது. வடமொழிச் சொல் மிகுந்த இந்திக்கு நேரான பழைமை மணம் தமிழில் வடசொல்லால் மட்டும் வருவதன்று. ஆகவே தமிழ்ப் படம் பணிவும் பக்தியும் கலந்த பேச்சையும் தூய தமிழ்ப் பெயரின் நீளத்தையும் நாடியது. சொல்லுக்குச் சொல் தேடாமல் சமூக மதிப்பிற்குச் சமூக மதிப்பைத் தேடிய தழுவல் இது. ‘கோல்மால்’ படத்திற்காக உத்பல் தத் பிலிம்ஃபேர் நகைச்சுவை நடிகர் விருதைப் பெற்றார்.

7. சத்யஜித் ராயின் மூன்று பாத்திரங்கள்

‘ஜய் பாபா ஃபேலுநாத்’ (1979) படத்தில் வரும் மகன்லால் மேக்ராஜ் காசியில் வாழும் மார்வாரி வணிகன். அவன் பேசும் வங்காளத்தில் இந்திச் சாயல் தெளிவாக ஒலிக்கும். இந்தித் திரை வங்காளியின் ஒலிப்பைச் சிரிப்பிற்குரியதாக்கியது போல, வங்காள மரபு மார்வாரியின் ஒலிப்பை ஐயத்திற்குரியதாக்கியது. ஒரே நடிகர் இக்கண்ணாடியின் இரு பக்கங்களிலும் நின்றார். மகன்லாலின் அச்சுறுத்தல் ஒலிப்பில் இல்லாமல் மரியாதையில் இருப்பதாக அவர் நடித்தமை ஒரே வார்ப்புப் பாத்திரத்தை ஓரளவு மீட்கிறது. எனினும் அயல் ஒலிப்பு, அறக்கேடு ஆகிய இரண்டையும் இணைத்துக் காணும் பழக்கத்திற்கு அவருடைய திறமையும் துணைபோயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

‘ஹீரக் ராஜார் தேஷே’ (1980) படத்தில் அவர் கொடுங்கோல் மன்னர். அந்நாட்டில் மன்னரும் அமைச்சரும் இயைபு பெற்ற அடிகளில் பேசுவர். பள்ளி ஆசிரியர் உதயன் பண்டிதர் மட்டும் இயைபின்றிப் பேசுவார். மன்னரின் இயந்திரம் மக்களின் மூளையில் புகுத்தும் மந்திரங்களும் இயைபுடையவையே. இயைபு அடிமைத்தனத்தின் ஒலி, உரைநடை சிந்தனையின் ஒலி என்னும் இவ்வமைப்பில் யாப்பே அரசியலாகிறது. சொற்பொருளை மட்டும் தரும் துணையெழுத்துகளில் இவ்வேறுபாடு மறைந்தால், பார்வையாளர் படத்தின் கருவையே இழப்பர்.

‘ஆகந்துக்’ (1991) ராயின் இறுதிப் படம். முப்பத்தைந்து ஆண்டுகள் வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பும் மனோமோகன் மித்ராவாக உத்பல் தத் நடித்தார். வந்தவர் உண்மையான மாமனா ஏமாற்றுக்காரரா என உறவினர் ஐயுறுகின்றனர். நெடுங்காலம் அயல்நாட்டில் இருந்தும் சிதையாத அவருடைய வங்காளம் அவருக்குச் சான்றாகவும், அவரை ஐயுறக் காரணமாகவும் ஒருசேர நிற்கிறது. சிறுவனுக்கு அவர் விட்டுச்செல்லும் அறிவுரை கூபமண்டூகமாக இராதே என்பது. தமிழில் ‘கிணற்றுத் தவளை’ என்னும் வழக்கு இருப்பதால் பெயர்ப்பு எளிது எனத் தோன்றும். ஆனால் அச்சிறுவனுக்குப் புதிதாக ஒலிக்கும் வடசொல்லின் வியப்பு, தமிழ்ச் சிறுவர் நன்கறிந்த மரபுத்தொடரில் இல்லை. பொருள் முழுமையாகக் கிடைத்தும் கற்பித்தல் என்னும் செயல் தவறிவிடுகிறது.

இப்பாத்திரத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, நிறுத்தங்களை நீட்டிப் பேசுகிறார். ஜாத்ராவின் உயர்குரலுக்குப் பெயர்பெற்றவர் இவ்வளவு அடங்கிய பேச்சை இறுதியில் எட்டியது முரண் அன்று. எவ்விடத்தில் யாருக்குப் பேசுகிறோம் என்னும் தெளிவே இரண்டிற்கும் அடிப்படை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, உத்பல் தத்தின் மொழி மாற்றங்களை இடம்பெயர்வுகளாக மட்டும் காணுதல் பொருந்தாது. ஆங்கிலச் செய்யுள் தந்த மூச்சுப் பயிற்சி வங்காள மேடையிலும், அம்மேடை தந்த ஒலிக் கட்டுப்பாடு இந்தித் திரையிலும் தொடர்ந்து செயற்பட்டன.

இரண்டாவது, அவருடைய வெற்றி தோல்விகளை வழக்கு வேறுபாடு என்னும் அளவுகோலால் விளக்க இயலும். பாத்திரங்கள் பல வழக்குகளில் பேசிய இடங்களில் அவருடைய கலை உயர்ந்தது. ஒரே வழக்கில் பேசிய இடங்களில் கருத்து மட்டும் எஞ்சியது.

மூன்றாவது, நாடகத்தையும் திரைப்பட உரையாடலையும் பெயர்ப்போர் ‘என்ன சொன்னார்’ என்பதோடு ‘எந்த ஒலியில், யாருக்குச் சொன்னார்’ என்பதையும் பெயர்ப்பின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். தமிழில் வட்டார வழக்குகளும் சமூக வழக்குகளும் நிறைந்திருக்க, பெயர்ப்பு நாடகங்களில் எல்லாப் பாத்திரங்களும் எழுத்து வழக்கின் ஒரே நடையில் பேசுவது இன்றும் காணப்படுகிறது. சாக்கடைத் தொழிலாளியும் பேணிமாதவும் ஒரே தமிழில் பேசினால் ‘தகர வாள்’ தமிழுக்கு வந்ததாகாது.

1990இல் சங்கீத நாடக அகாதெமி அவருக்குத் தன் உறுப்பாண்மையை வழங்கிச் சிறப்பித்தது. 1993 ஆகஸ்டு 19ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். நாடக நூல்கள் அச்சில் உள்ளன. திரைப்படங்கள் காணக் கிடைக்கின்றன. மேடையில் எழுந்த குரலோ எழுந்த அன்றே கரைந்துவிடும் இயல்பினது. அச்சிலுள்ள சொல்லையும் திரையிலுள்ள ஒலியையும் ஒருங்கே வைத்துப் படிப்போர்க்கே அக்குரலின் ஒரு பகுதியேனும் கேட்கும். மொழிபெயர்ப்பாளர் தம் பணியைத் தொடங்க வேண்டியதும் அவ்விடத்திலிருந்தே.